துவக்கு இறுகாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரி தன் மகளின் கலியாணத்துக்கு என்னைக் குடும்பத்தோடு அழைத்திருந்தாள். நான் அவளுக்கு உறவில்லை. நண்பன் என்று சொல்லவும் வழியில்லை. அவள் பேசுவது சுத்தச் சிசிலியன், பாதி எனக்கு விளங்காது. பலேர்மோ நகரத்தின் ஒரேத்தோப் பகுதியிலேயே அவளிடம் அதிகம் கன்னோலி வாங்குகிறவன் நான் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. ரிக்கோத்தாவும் சீனியும் குழைத்து அடைத்த அந்த மொறுமொறுப்பான குழல்களைத் தட்டுத் தட்டாக வாங்கிப் போவேன். ஒன்றைக்கூட நான் தின்றதில்லை. எனக்குச் சலரோகம், சீனி ஆகாது.

காரணம் என்னுடைய துவக்கு.

விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் தமிழன், துவக்கு, சிசிலி என்ற மூன்று சொற்களையும் சேர்த்து நீங்களே வேறொரு கதை எழுதிவிடுவீர்கள்.

ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற கடற்கரையூரைத் தாண்டி மலையடிவாரத்தில், கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குழி ஒன்று இருக்கிறது. அதை ஒரு சுடும் கழகம் எடுத்து, மண் அணை கட்டி, இரும்புத் தட்டுகளும் கடதாசி இலக்குகளும் நட்டு வைத்திருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு போட்டி. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்கள் சிலர், துறைமுகத்தில் சாமான் இறக்குகிற சகோதரர்கள், ஒரு பல் வைத்தியர், வீடு துடைக்கிற நான். கைத்துப்பாக்கிக்குப் போடுகிற அதே கட்டை ரவையைப் போட்டு, தோளில் வைத்துச் சுடுகிற நீளத் துவக்கு என்னுடையது. உதைப்பு அதிகமில்லை. நடுத்தர வயதும் நடுத்தரக் கண்பார்வையும் உள்ளவனுக்குப் பொருத்தமானது. அந்தப் பல் வைத்தியரிடம்தான் இரண்டாம் கையாக வாங்கினேன். பல் பிடுங்குகிறவர் ஒரு பொருளை விற்றால், அதில் எது ஆடுகிறது என்று முதலில் ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் அவருடைய சிரிப்பைப் பார்த்து வாங்கினேன்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியின் நடுவில் யாருடைய துவக்கு இறுகிச் சுடாமல் நிற்கிறதோ, அவர் அடுத்த போட்டிக்கு எல்லோருக்கும் கன்னோலி கொண்டுவர வேண்டும். இது எங்கும் எழுதப்பட்ட விதி இல்லை. ஆனால் இந்த நாட்டில் எழுதிவைத்த சட்டத்தைவிட எழுதாத சட்டம் ஒழுங்காக நடக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒவ்வொரு போட்டிக்கும் நான்தான் தட்டோடு போனேன். பிறகு பிறகு நான் காரை விட்டு இறங்கும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள்.

என்னை அந்தக் குழிக்குக் கூட்டிப் போனவர் ஒரு மொரிசியஸ்காரர். நான் துடைக்கிற வீடுகள் இருக்கிற கட்டடத்தின் வாசல்காப்பாளர். அவருடைய முன்னோர் தமிழர்கள். அவருக்குத் தெரிந்த தமிழோ காவடி எடுக்கத் தேவையான அளவுதான். நாங்கள் இத்தாலியனில் கதைப்போம். இங்கே அவர் தமிழில் கதைப்பதெல்லாம் நான் மொழிபெயர்த்தது. அவர் இவ்வளவு மரியாதையாகப் பேசுவார் என்று நம்பிவிட வேண்டாம்.

வன்னியில் இருந்த காலம் முழுக்க நான் துவக்கின் மற்றப் பக்கத்தில் இருந்தவன். அது யாருடைய துவக்காக இருந்தாலும் சரி, நான் நிற்பது அதன் மற்றப் பக்கமாகவே இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் யோசிக்கும் முன்பே குப்புற விழுகிற உடம்பு என்னுடையது. பலேர்மோவுக்கு வந்த பிறகும் புதுவருடப் பட்டாசுக்கு மேசைக்குக் கீழே போயிருக்கிறேன், கையில் சோற்றுக் கோப்பையோடு. அந்த ஞாயிறு மொரிசியஸ்காரர் தன் துவக்கை என் தோளில் வைத்து, காதுக்கு மூடி மாட்டி, "எப்போது வேண்டுமோ அப்போது" என்றார். சத்தம் எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்த முதல் வெடி அது. நானே விசையை அழுத்தினேன், நானே கேட்டேன், நான் விழவில்லை. இலக்கில் படவுமில்லை. ஆனால் காரில் திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

பிறகு மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, கொஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் காத்திருப்பு. தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ எடுக்கப் பட்ட பாட்டைப் பார்க்க, துவக்குக்கு அனுமதி எடுத்தது கோயில் பொங்கல் வாங்கியது போல.

வீட்டில்தான் அனுமதி கிடைக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனாங்கள்," என்றாள் மனைவி. "இப்ப நீங்களாத் தேடிப் பிடிச்சு ஒண்டை வீட்டுக்க கொண்டு வாறியள்."

"இது விளையாட்டுத் துவக்கு."

"விளையாட்டுத் துவக்கெண்டால் தண்ணியெல்லோ அடிக்கும்?"

அவளுடைய கோபம் துவக்கில் மட்டுமல்ல, அது நின்ற மூலையிலும் இருந்தது. துவக்கைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலுமாரி வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு அலுமாரி நிற்கக்கூடிய மூலை ஒன்றுதான். அந்த மூலையை அவள் ஒரு பெரிய ஃப்ரீசருக்காக மனத்துக்குள் எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தாள். கிழமை நாட்களில் அவள் துறைமுகப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவு செய்கிறாள். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியச் சடங்குகளுக்கு, கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற றோல்ஸ் செய்து கொடுக்கிறாள். பலேர்மோவில் அவளுடைய றோல்சுக்குப் பெயர் உண்டு. ஒரு ஃப்ரீசர் இருந்தால் முன்கூட்டியே செய்து அடுக்கலாம். வருகிற ஓடரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அந்த இடத்தில்தான் என் துவக்கு, நவராத்திரிக் கொலுவில் வைத்தது போல, ஒன்றுமே செய்யாமல் நின்றுகொண்டிருந்தது.

நவராத்திரி என்றதும் சந்தனம் ஞாபகம் வருகிறது.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சோறு அவிக்கிற மின்பானை, அயர்ன், என் மடிக்கணினி, துடைப்பம், வாளி, அவளுடைய றோல்ஸ் உருட்டும் பலகை. அந்த வருடம் நான் அலுமாரியைத் திறந்து துவக்கையும் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"உது என்னத்துக்கு? உது இந்த வீட்டில ஒரு வேலையும் செய்யிறேல்லையே."

"என்ரை மடிக்கணினி மட்டும் என்ன செய்யுது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ரவை அடைக்கிற மகசீனைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று காட்டுவதற்காக, ரவையைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தபடி வைத்திருந்தேன். சுடுதிடல் ஒழுக்கம். அவள் குழைத்த சந்தனத்தை மோதிர விரலில் தாராளமாக எடுத்து, மின்பானைக்கு வைத்த அதே பக்தியோடு, திறந்திருந்த அந்த இடத்திலேயே வைத்தாள். போல்ட்டின் முகத்தில். பிறகு குங்குமம். துவக்கு ஒரு மணப்பெண் மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போல்ட்டை மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சந்தனம் துவக்கு எண்ணெயோடு சேர்ந்து காய்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்தத் துவக்குக் கம்பனியும் பரிசோதித்திருக்காது. நான் பரிசோதித்தேன். அந்த மாதப் போட்டியில் இரண்டாவது வெடியோடு துவக்கு இறுகியது. வெடித்த வெற்றுக் கோது முழுதாக வெளியே பாயாமல், வாயிலில் நடுவே நிமிர்ந்து நின்றது, பஸ் மிதிபலகையில் தொங்குகிற ஆள் மாதிரி. சுடுதிடல் பொறுப்பாளர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "கோயில் மணக்கிறது" என்றார்.

முதல் கன்னோலித் தட்டு.

வீட்டுக்கு வந்து துவக்கைக் கழற்றிச் சந்தனம் முழுவதையும் துடைத்தேன். பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். அடுத்த மாதம் மறுபடி இறுகியது. மறுபடி துடைத்தேன். மறுபடி. எங்கோ ஒரு துணுக்குச் சந்தனம் ஒளிந்திருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். என் மாதிரி நாலு புத்தகம் வாசித்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் இரண்டாவது காரணத்தைத் தேட மனம் வராது. ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு வந்து, "உம்மடை சந்தனம்" என்று தொடங்குவேன்.

தைப்போட்டி முடிந்து வந்த அன்றும் தொடங்கினேன். அவள் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சை கேளுங்கோ. அதே சந்தனத்தைத்தானே என்ரை மின்பானைக்கும் வைச்சனான்? அது சோறு அவிக்கேல்லையோ? அயர்ன் சுடேல்லையோ? உங்கடை துவக்குக்கு மட்டும் என்ன, சாமிக்குத்தமோ?"

"அது வந்து..."

"வரவும் வேண்டாம் போகவும் வேண்டாம். அடுத்த போட்டியில இது இறுகினால், இது இந்த வீட்டை விட்டுப் போகவேணும். மூலை எனக்கு. இறுகாட்டில், நான் இதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். ஓமோ?"

"ஓம்," என்றேன். வாயால் சொன்னதுதான். ஆனால் எங்கள் வீட்டில் வாய்ச்சொல் ஒப்பந்தம் நோத்தாரியோ முன்னால் கையெழுத்து வைத்ததற்குச் சமம்.

அன்றுதான் நான் உண்மையிலேயே பயந்தேன். துவக்கு போனால் என்ன போகும் என்று யோசித்துப் பார்த்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் அழுத்தும்போது மட்டும் வருகிற சத்தம். அது போய்விட்டால் மிஞ்சுவது மற்றவர்கள் அழுத்துகிற சத்தங்கள் மட்டுமே. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிலாக, போல்ட்டை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி ஆயுதக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரி என் வயதுப் பெண். வாயில் எப்போதும் அதிமதுர மிட்டாய். போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். ஊசியால் ஒரு வெடிப்பைச் சுரண்டி, நுனியில் வந்த மஞ்சள் துகளைப் பார்த்தாள்.

"இது என்ன, மஞ்சள் தூளா? சமையலறையில் வைத்திருக்கிறாயா?"

"ஆசீர்வாதம்."

அவள் சிரிக்கவில்லை. பலேர்மோக்காரர்களுக்கு ஆசீர்வாதம் விளங்கும்; அவளுடைய கல்லாப் பெட்டியிலும் ஒரு புனிதையின் படம் ஒட்டியிருந்தது. "நல்லது. இனிமேல் வெளிப்பக்கம் ஆசீர்வதி," என்றாள். "ஆனால் உன் பிரச்சினை இது இல்லை."

"இது இல்லையா?" எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நாலு மாதமாக வளர்த்த குற்றச்சாட்டு.

அவள் ஒரு வெற்றுக் கோதை எடுத்து போல்ட்டின் முகத்தில் செருகினாள். அங்கே நகத்தளவில் ஒரு கொக்கி இருக்கிறது. வெடித்த கோதின் விளிம்பைக் கவ்விப் பிடித்து, போல்ட்டோடு பின்னால் கொண்டுவருவது அதன் வேலை. வழியில் ஒரு முனை கோதைத் தட்டி வெளியே எறியும். கவ்வாவிட்டால் கோது வழியில் சரிந்து நிற்கும். அவள் போல்ட்டை மெல்லச் சாய்த்தாள். கோது பொத்தென்று மேசையில் விழுந்தது.

"பார்த்தாயா? பல் தேய்ந்துவிட்டது. இதை யாரிடம் வாங்கினாய்?"

"பல் வைத்தியரிடம்."

இப்போது சிரித்தாள். வாயிலிருந்த மிட்டாய் மேசையில் விழுகிற அளவுக்கு.

கொக்கி தேய்ந்திருந்தால் மற்றவைக்கும் வயது போயிருக்கும் என்று சொல்லி, கொக்கி, அதன் சின்ன ஸ்பிரிங், போல்ட்டை முன்னால் தள்ளுகிற பெரிய ஸ்பிரிங், போல்ட் பின்னால் வந்து மோதுகிற ரப்பர்க் கட்டை எல்லாவற்றையும் கொடுத்தாள். தானே மாட்டித் தருவதாக இருந்தால் போட்டிக்குப் பிறகுதான் முடியும், வேலை குவிந்து கிடக்கிறது என்றாள். எப்படி மாட்டுவது என்று செய்து காட்டினாள். கடைசியாக, "சின்ன ஸ்பிரிங்கைக் கழற்றும்போது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துச் செய், அது பாயும்," என்றாள்.

நான் தலையாட்டினேன். பிளாஸ்ரிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்வது தெரியாதவர்களுக்கான ஏற்பாடு என்று எனக்குள் ஒரு எண்ணம். எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது போல.

போட்டிக்கு முதல்நாள், சனி மத்தியானம். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் அவள், மறுபாதியில் நான். அவள் பக்கம் றோல்ஸ்: சுட்டு அடுக்கிய மெல்லிய ரொட்டிகள், கறி, முட்டைக் கலவை, பாண்தூள். என் பக்கம் பழைய பெட்சீட்டில் துவக்கு. மகசீனைக் கழற்றினேன். போல்ட்டை இழுத்து உள்ளே பார்த்தேன், வெறுமை. திரும்பவும் பார்த்தேன். சின்ன விரலை விட்டும் பார்த்தேன். அவள் தன் பாட்டுக்கு ஒரு றோலைச் சுருட்டி, "ஆளில்லாத வீட்டில எத்தினை தரம் கதவைத் தட்டுவியள்?" என்றாள்.

பெரிய ஸ்பிரிங்கை முதலில் மாற்றினேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது இரண்டு விரல் கட்டை. அமுங்கி அமுங்கி உயரம் குறைந்து போயிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்ப்பது போல இருந்ததால் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. ரப்பர்க் கட்டை கையில் எடுத்ததும் நொறுங்கியது, போன வருசத்து இனிப்புத் தொதல் மாதிரி. இத்தனை நாளும் போல்ட் அந்தத் தொதலில்தான் மோதிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் சுலபமாக மாறின. தலைக்கனம் ஏற அது போதும்.

கொக்கியைப் பிடித்திருந்த ஊசியைத் தட்டினேன். ஊசி வந்தது. கொக்கி வந்தது. பழைய சின்ன ஸ்பிரிங்கும் நல்ல பிள்ளையாக வந்தது. புதியதை வைத்து, கொக்கியை மேலே வைத்து, கட்டைவிரலால் அமத்தினேன்.

'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கறிச் சட்டியைப் பார்த்தோம்.

"உதுக்குள்ள விழுந்திருந்தால்," என்றாள் அவள் மிக மெதுவாக, "போல்ட்டையும் சேர்த்து உருட்டி நாளைக்கு உங்கடை கூட்டாளியளுக்குக் குடுப்பன்."

சட்டிக்குள் இல்லை. கரண்டியால் முழுதாகக் கிளறிப் பார்த்தோம். பாண்தூளில் இல்லை. நான் நிலத்தில் முழங்காலில் ஊர்ந்தேன். கதிரைக்குக் கீழே என் பழைய கண்ணாடி ஒன்று கிடைத்தது. ஸ்பிரிங் கிடைக்கவில்லை. கடை பூட்டியாகிவிட்டது, மறுநாள் காலையில் போட்டி. பழையதைத் திரும்பப் போடலாம் என்று எடுத்தால், அதற்குள் உயிரே இல்லை. நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

"முடிஞ்சுது," என்றேன். "நீர் ஃப்ரீசரைப் பாரும்."

அவள் அறைக்குள் போனாள். வரும்போது கையில் பழைய நைலோன் காலுறை. தூசு உறிஞ்சியின் வாயில் அதை இழுத்து மாட்டி, ரப்பர் பாண்ட் போட்டாள்.

"ஹோட்டலில ஆக்களின்ரை தோடு விழுந்தால் இப்பிடித்தான் எடுக்கிறனாங்கள். எழும்புங்கோ, காலை எடுங்கோ."

"நீர் ஏன் தேடுறீர்? இது கிடைக்காட்டில் மூலை உமக்கெல்லோ?"

"தோக்கிறதெண்டால் நேராத் தோக்கவேணும். ஸ்பிரிங் துலைஞ்சதால தோத்தனான் எண்டு பிறகு வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டிருப்பியள். சந்தனத்தால எண்டு சொன்ன மாதிரி. எனக்கு அந்தக் கதை வேண்டாம்."

குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே உறிஞ்சியை விட்டு எடுத்தபோது, காலுறையில் ஒட்டியபடி வந்தது: தாளித்த கடுகு ஒன்று, ஒரு தலைமயிர், என் ஸ்பிரிங். வாழ்க்கையில் ஒரு சில தடவைகளே நான் சத்தமாகக் கூவியிருக்கிறேன். அது ஒன்று.

இரண்டாம் தரம் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துச் செய்தேன். அவளே பையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி அமர்ந்தது. ஊசி போனது. வெற்றுக் கோதை எடுத்துச் செருகி, போல்ட்டைச் சாய்த்தேன். விழவில்லை. கவிழ்த்தேன். விழவில்லை. அவள் என் கையிலிருந்து பறித்து, புளியங்கொப்பை உலுக்குவது போல உலுக்கினாள். கோது அப்படியே இருந்தது.

"பிடிச்சிட்டுது," என்றாள், தன்னை மறந்து. பிறகு ஞாபகம் வந்து, "பாப்பம் நாளைக்கு," என்றாள்.

மறுநாள் அவளும் வந்தாள், முதல் தடவையாக. மடியில் துணி மூடிய பெரிய தட்டு.

"இது என்ன?"

"றோல்ஸ். இறுகினால் கையோடை தண்டனையைக் கட்டிப்போட்டு வந்திடுவம். பேக்கரிக்காரியின்ரை மகளுக்கு நீங்கள் சீதனம் குடுத்தது போதும்."

என் மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை ஒரு தட்டு நிறைய இருந்தது. வாசனை கார் முழுக்க.

மாசிக் காற்று குழிக்குள் சுழன்றுகொண்டிருந்தது. நான் வெறும் கையோடு இறங்கவில்லை, போன மாதத்துக் கடன் கன்னோலி இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பல் வைத்தியர் முன்வரிசை. மொரிசியஸ்காரர் புத்தம் புதிய துவக்கு ஒன்று வாங்கி வந்திருந்தார், இன்னும் பெட்டி வாசனை போகாதது. "இன்றைக்கு எத்தனையாவது வெடியில்?" என்று கேட்டார் அன்பாக.

மணி அடித்தது. முதல் வெடி. கோது பறந்தது. இரண்டாவது. பறந்தது. முன்பெல்லாம் என் துவக்கு கோதுகளைக் காலடியில் துப்பும், விருப்பமில்லாத பிள்ளை மருந்தைத் துப்புவது போல. இப்போது ஒவ்வொன்றும் வெயிலில் மின்னிக்கொண்டு ஒரே வளைவில் வலப்பக்கம் போய் விழுந்தது. ஒன்று பொறுப்பாளரின் தொப்பியில் விழுந்தது. அவர் அசையவில்லை, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரும்புத் தட்டு ஒன்று விழுந்தது. இன்னொன்று. மகசீன் மாற்றினேன். பின்னால் பேச்சு நின்றுவிட்டதைக் காதுமூடிக்குள்ளேயே உணர்ந்தேன்.

கடைசிச் சுற்று. கடைசித் தட்டு. அழுத்தினேன்.

ஒன்றும் இல்லை. சத்தமில்லை, உதைப்பில்லை.

பின்னால் பல் வைத்தியர் மூச்சை இழுத்தார், மகிழ்ச்சியோடு. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திரும்பினால் மனைவி தட்டின் துணியை விலக்கிக்கொண்டிருப்பாள். பொறுப்பாளர் வந்தார். மகசீனைக் கழற்றச் சொன்னார். போல்ட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். இந்த முறை மணந்து பார்க்கவில்லை.

"காலி," என்றார். "ரவை முடிந்துவிட்டது. தேவைக்கு மேல் சுட்டிருக்கிறார், எண்ணவில்லை." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "துவக்கு இறுகவில்லை. ஆள் இறுகிவிட்டார். ஆள் இறுகினால் கன்னோலித் தண்டனை கிடையாது."

பல் வைத்தியர் மேல்முறையீடு செய்தார். அந்தத் துவக்கைத் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தள்ளுபடி. புது மகசீன் ஒன்றைப் போட்டு ஒரே வெடியில் அந்தக் கடைசித் தட்டை விழுத்தினேன். தட்டு விழுந்த சத்தத்துக்கு மேலால் மொரிசியஸ்காரர், தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் திரட்டி, "அரோகரா!" என்று கத்தினார். கல்லுக்குழி அதைத் திருப்பிச் சொன்னது. துறைமுகச் சகோதரர்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் கத்தினார்கள். நான் துவக்கைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பேன், அப்படித் தூக்குவது விதிக்கு விரோதம். ஆகவே மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு வெறும் கைகளைத் தூக்கினேன். தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குச் சரணடைகிற மாதிரி இருந்திருக்கும். இல்லை ஐயா. வெற்றி.

புள்ளிக் கணக்கில் கடைசிக்கு முந்தியவன். எனக்கு அது போதும். எனக்குக் கீழே இருந்தவர் மொரிசியஸ்காரர். அவருடைய புதிய துவக்கு நாலாவது வெடியில் இறுகியது. கோது வாயிலில் நிமிர்ந்து நின்றது, எனக்கு நன்றாகத் தெரிந்த அதே நிலையில். நண்பனுக்காக நான் வருந்தினேன். தொண்டையைக் கனைக்கிற நேரம் வரைக்கும் வருந்தினேன்.

காரடிக்கு வந்தோம். காலையில் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டை நோக்கிக் கை நீட்டினேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இது இறுகினவைக்குச் செய்தது. உங்களுக்கு இறுகேல்லையே?"

அவள் நேராக மொரிசியஸ்காரரிடம் போய்த் தட்டைக் கையில் கொடுத்தாள். "சாப்பிடுங்கோ அண்ணை," என்றாள். அவருக்கு 'அண்ணை' விளங்கியதோ இல்லையோ, றோல்ஸ் விளங்கியது. ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். இரண்டாவதைப் பல் வைத்தியர் எடுத்தார். பிறகு தட்டைச் சுற்றி ஆட்கள். கன்னோலி பெட்டிக்குள் கிடந்தபடி கிடந்தது. மொரிசியஸ்காரர் வாய் நிறையக் கேட்டார்: தங்கள் காவடிக் கொண்டாட்டத்துக்கு இதை மரக்கறி வைத்து, முட்டை இல்லாமல் செய்து தர முடியுமா? துறைமுகத்துச் சகோதரர்களில் மூத்தவர், மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்குகிற விழாவுக்கு வேண்டும் என்றார். பொறுப்பாளர், இனிமேல் தண்டனை கன்னோலியா இதுவா என்பதை வாக்கெடுப்பில் விடலாம் என்றார். நான் பசியோடு வெற்றியைச் சுவைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து துவக்கைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். துவக்கைப் பற்றி அன்றிலிருந்து குறையாக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அடுத்த சரஸ்வதி பூசைக்கு அவளே எடுத்துவரச் சொல்லி, போல்ட் மூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தோள்கட்டையில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். அதன்பிறகு ஒரு தடவையும் இறுகவில்லை. பேக்கரிக்காரி என்னைத் தெருவில் கண்டால் இப்போது சுகம் விசாரிப்பதில்லை.

போட்டி முடிந்த மறு கிழமையே ஃப்ரீசர் வந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் எங்கே வைக்க என்று கேட்டார்கள். நான் மார்பை நிமிர்த்தி இரும்பு அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் என் புத்தக அலுமாரி நின்ற இடத்தைக் காட்டினாள்.

ஒப்பந்தத்தில் புத்தகங்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. இதை நான் எழுதுவது அந்த ஃப்ரீசரின் மேல் வைத்துத்தான். நல்ல உயரம். கீழே எந்நேரமும் ஒரு மெல்லிய உறுமல். வாசித்த புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே. வாசிக்காதவை துவக்கு அலுமாரியின் மேல் தட்டில், சட்டப்படி பூட்டி.